குளியலறைக்கு அடியில் ஒரு கை தண்ணி

அம்மாவுக்கு முழங்கால் வலி. பாத் டப் விளிம்பைத் தாண்டி காலை வெக்க முடியலை. அதனால போன மாசம் எங்க அடுக்குமாடி வீட்டுல டப்பை எடுத்துட்டு, தரையோட தரையா ஷவர் வெக்கலாம்னு வேலையை ஆரம்பிச்சோம். டப்பைத் தூக்கினதும் வந்தது வினை. டப் உயரத்துல உக்காந்திருந்ததால அதோட ட்ராப், அதாவது வளைஞ்ச குழாய், தரைக்கு மேலயே இருந்திருக்கு. டப் போனதும் அதுவும் போச்சு. மிச்சம், கான்கிரீட்டுக்குள்ள இறங்குற ஒரு நேர் குழாய்.

"எதுக்கு சார் தரையைக் கொத்திக்கிட்டு? இது மேலயே ஜல்லடை மூடியைப் போட்டுடலாம். தண்ணி ஜம்முனு போயிடும்"னார் பிளம்பர்.

தண்ணி போகும், சரி. திரும்பி என்ன வரும்? அந்தக் கேள்விக்குப் பின்னால 250 வருஷக் கதை இருக்கு மக்களே.

1775ல் அலெக்சாண்டர் கம்மிங்னு ஒருத்தர் லண்டன்ல ஃப்ளஷ் கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். தொழில், கடிகாரம் செய்யறது. ஃப்ளஷ் கழிப்பறையை முதல்ல செஞ்சவர் அவர் இல்லை. 1590கள்லயே ஜான் ஹாரிங்டன் ஒண்ணு செஞ்சிருந்தார். கம்மிங் பண்ணின பெரிய காரியம், கீழே போற குழாயைப் பாம்பு மாதிரி வளைச்சது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தண்ணி அந்த வளைவுல தங்கிடும். கழிவு போகலாம், நாத்தம் வர முடியாது. அந்த வளைவுல தேயறதுக்கோ உடையறதுக்கோ அசையற பாகமே கிடையாது.

அடுத்த நூற்றாண்டுல லண்டன் கழிவெல்லாம் தேம்ஸ் ஆத்துல கலந்தது. 1858 கோடையில நாத்தம் தாங்காம பார்லிமெண்ட் திரைச்சீலைகளை சுண்ணாம்பு குளோரைடுல நனைச்சுத் தொங்கவிட்டாங்க. அதுக்கப்புறம் பேசல்ஜெட் என்ற பொறியாளர் ஊருக்கு அடியில பெரிய சாக்கடைகளைக் கட்டினார். ஊர் சுத்தமாச்சு. கூடவே ஒவ்வொரு வீடும் குழாய் வழியா ஊர்ச் சாக்கடையோட இணைஞ்சது.

1871ல் ஸ்கார்பரோவில் ஒரு மாளிகையில் தங்கின வேல்ஸ் இளவரசருக்கு (பின்னாளில் ஏழாம் எட்வர்ட்) டைபாய்டு வந்து சாவோட விளிம்புக்குப் போய்த் திரும்பினார். அதே வீட்டுல தங்கின செஸ்டர்ஃபீல்ட் பிரபு செத்தே போனார். பழி அந்த வீட்டுச் சாக்கடைக் குழாய் மேல விழுந்தது. சாக்கடைக் காத்தே நோயைக் கொண்டுவரும்னு அப்ப பலர் நம்பினாங்க. அது தப்பு, டைபாய்டு அசுத்தமான தண்ணி, சாப்பாடு வழியா வர்றது. ஆனா அந்தப் பயத்துல ட்ராப் மேலயும் குழாய்ல காத்துப் போக்கு விடறது மேலயும் அக்கறை வந்தது. காரணம் தப்பு, பழக்கம் சரி.

பழைய காலத்து பயம்தானேன்னு இதை ஒதுக்கவும் முடியலை. 2003 மார்ச்சில் ஹாங்காங்ல, அமாய் கார்டன்ஸ் குடியிருப்புல சார்ஸ் பரவினது. 33 மாடிக் கட்டடங்கள். 300 பேருக்கு மேல நோய், 42 பேர் இறந்தாங்க. ஒரே செங்குத்துக் குழாய்லதான் எல்லா மாடியோட கழிப்பறை, வாஷ்பேசின், பாத் டப், தரை வடிகால் எல்லாம் சேர்ந்தது. எல்லாத்துக்கும் ட்ராப் இருந்தது. ஆனா குளியலறைத் தரையைத் தண்ணி ஊத்திக் கழுவாம ஈரத்துணியால துடைச்சதுல, பல வீடுகள்ல தரை ட்ராப் காஞ்சு போயிடுச்சு. கதவைச் சாத்திட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா, அது குழாய்ல இருந்த காத்தை, நோயாளியோட கழிவுத் துளிகளோட உள்ள இழுத்திருக்குன்னு விசாரணையில சொன்னாங்க. கட்டடங்களுக்கு நடுவுல காத்துலயும் பரவியிருக்கலாம்னு பின்னால வந்த ஆய்வு சொல்லுது. ஆனா ஆரம்பம் அந்தக் காஞ்ச வளைவுதான்.

இதையெல்லாம் சொன்னதும் பிளம்பர் என்னை ஒரு மாதிரி பார்த்தார் :-) நல்லவேளை, எங்க குளியலறை சங்கன் ஸ்லாப். கம்பி கட்டின கான்கிரீட்டைத் தொடவே வேண்டாம். அது மேல நிரப்பின செங்கல் ஜல்லியை மட்டும் கொத்தி எடுத்து நஹானி ட்ராப்பை உள்ள உக்கார வெச்சோம். ரெண்டு நாள் கூடுதல் வேலை, கூடுதல் கூலி, மறுபடி வாட்டர் ப்ரூஃபிங். வலிச்சதுதான். அத்தனையும் 50 மில்லிமீட்டர் ஆழத் தண்ணிக்காக.

இப்ப அம்மா ஸ்டூல் போட்டு நிம்மதியா குளிக்கறாங்க. புழங்காத இன்னொரு குளியலறையில வாரம் ஒரு சொம்பு தண்ணி ஊத்தறது என் டியூட்டி. உங்க வீட்டுலயும் பூட்டிக் கிடக்கற குளியலறை இருந்தா, இதைப் படிச்சு முடிச்சதும் போய் ஊத்திட்டு வந்துடுங்க. பின்னூட்டம் அப்புறம் போட்டுக்கலாம்.