அஞ்சலிக்கும் அழிப்புக்கும் நடுவே ஒரே நாள்

2007 ஜூன் 11 இரவு அமெரிக்கத் தொலைக்காட்சியில் வின்ஸ் மெக்மேனைக் கொன்றார்கள். டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்த நிறுவனத்தின் அப்போதைய முதலாளி அவர். நீளமான காரில் ஏறி உட்கார்ந்தார், கதவைச் சாத்தினார், கார் வெடித்தது. எல்லாம் கதை. திரைக்குப் பின்னால் மனிதர் நலமாகவே இருந்தார். இரண்டு வாரம் கழித்து, ஜூன் 25 திங்கட்கிழமை, டெக்சாஸின் கார்பஸ் கிறிஸ்டி நகரில் இந்தப் பொய்ச் சாவுக்குத் தடபுடலாக இரங்கல் கூட்டம் நடத்த ஏற்பாடாகியிருந்தது.

அன்று பிற்பகல் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து உண்மையான சாவுச் செய்தி வந்தது. ஃபேயட்வில் ஊரில் தங்கள் வீட்டில் மல்யுத்த வீரர் கிறிஸ் பென்வா, மனைவி நான்சி, ஏழு வயது மகன் டேனியல் மூவரும் இறந்து கிடந்தார்கள். இரண்டு வாரமாக முதலாளியின் சாவைப் பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்களில் பலருக்கு முதலில் எழுந்த சந்தேகம், இதுவும் கதையோ என்பதுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பொய்யை மெய்யென்று நடத்திக் காட்டுவதே அந்தத் தொழிலின் முதல் விதி.

அன்றிரவு கூட்டத்தை உள்ளே விடவில்லை. காலியான அரங்கின் நடுவே, மேடையில் தனியாக நின்று மெக்மேன் தன் சாவுக் கதையைக் கைவிட்டார், பென்வா குடும்பத்தின் மறைவை அறிவித்தார். அடுத்த மூன்று மணி நேரமும் அஞ்சலி. பழைய ஆட்டங்களைப் போட்டார்கள். நடுநடுவே சக வீரர்கள் ஒவ்வொருவராக வந்து கண்கலங்கப் பேசினார்கள். இங்கிலாந்துக்காரரான வில்லியம் ரீகல் மட்டும் வார்த்தையை அளந்து பேசினார். மல்யுத்தக்காரராக அவரை மதிக்கிறேன் என்பதைத் தாண்டி அவர் போகவில்லை. நிகழ்ச்சி முடியும் தறுவாயில் செய்திச் சேனல்களில் வேறு தகவல் ஓட ஆரம்பித்தது. வெளியாள் யாரையும் போலீஸ் தேடவில்லை.

மறுநாள் விவரம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மனைவியையும், அதற்கு அடுத்து மகனையும் கொன்றது பென்வாவே. ஞாயிற்றுக்கிழமை தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். இடைப்பட்ட நேரத்தில் சக வீரர்களிடம் போனில் பேசியிருக்கிறார். மனைவிக்கும் பையனுக்கும் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் வரத் தாமதமாகும் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிறு இரவு ஹூஸ்டனில் அவர் சி.எம். பங்க்குடன் பட்டத்துக்கு மோத வேண்டிய ஆட்டம். அவர் வராததால் வேறு ஆளை இறக்கினார்கள். விஷயம் தெரியாத கூட்டம், பென்வா வேண்டும் என்று கோஷம் போட்டது.

செவ்வாய்க்கிழமை இரவு நிறுவனத்தின் இன்னொரு நிகழ்ச்சி. அதன் தொடக்கத்திலும் மெக்மேனே வந்தார். இனி இந்த நிகழ்ச்சியில் அந்தப் பெயர் வராது என்றார். திங்கள் இரவு மூன்று மணி நேரம் ஒலித்த பெயர், செவ்வாய் இரவு சொல்லக்கூடாத பெயராகிவிட்டது. இணையதளத்திலிருந்த அஞ்சலிகளை எடுத்தார்கள். அவர் படம் போட்ட சரக்குகள் கடையிலிருந்து மறைந்தன.

திங்கள் இரவு நடந்ததை அவசரப் பிழை என்று மட்டும் சொன்னால் பாதிதான் சரி. சாவை நிகழ்ச்சியாக்கும் பழக்கம் அங்கே ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. இளம் வயதிலேயே செத்துப்போகிறவர்கள் நிறைந்த தொழில் அது. 1997 அக்டோபரில் பிரையன் பில்மன் ஓட்டல் அறையில் இறந்து கிடந்தார். மறுநாளே அவர் மனைவியை நேரலையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். கண்ணீரைக் காசாக்குகிறார்கள் என்று அப்போதே கண்டனம் எழுந்தது. 1999 மே 23 அன்று கான்சஸ் சிட்டியில் அரங்கின் கூரையிலிருந்து கம்பி வழியாக இறங்கும்போது ஓவன் ஹார்ட் விழுந்து இறந்தார். அன்று ஆட்டத்தைக்கூட நிறுத்தவில்லை. மறுநாள் செயின்ட் லூயிஸில் முழு நிகழ்ச்சியும் அவருக்கே. குத்துச்சண்டைக் களத்திலிருந்து வந்த வழக்கப்படி பத்து முறை மணியடித்தார்கள். 2005 நவம்பரில் எடி கெரெரோ 38 வயதில் இறந்தபோதும் இதே முறை. எல்லாரும் மேடையோரம் வரிசையாக நிற்பார்கள், மணி ஒலிக்கும், பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். அன்று கெரெரோவுக்காக உடைந்து அழுதவர்களில் பென்வாவும் ஒருவர். 2007இல் சாவுச் செய்தி வந்ததும் அதே எந்திரம் தானாக ஓடத் தொடங்கிவிட்டது. செத்தவர் எப்படிச் செத்தார் என்று கேட்டுவிட்டு மணியடிக்கும் வழக்கம் அதில் இல்லை.

பென்வாவின் மேல் அத்தனை பாசம் இருந்ததற்கும் காரணம் உண்டு. மான்ட்ரியாலில் பிறந்து எட்மன்டனில் வளர்ந்தவர். மல்யுத்த நட்சத்திரங்களுக்குள் உயரம் குறைவு, வாய்ச்சாலகமும் கிடையாது. கால்கரியில் ஸ்டூ ஹார்ட்டின் பட்டறையிலும் ஜப்பானிலும் தொழில் கற்று, 18 வருஷம் உழைத்துப் படிப்படியாக ஏறியவர். 2004 மார்ச் 14 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டிரிபிள் ஹெச், ஷான் மைக்கேல்ஸ் இருவரோடும் மோதி உலகப் பட்டத்தைப் பிடித்தார். எடி கெரெரோ மேடையேறிக் கட்டிக்கொண்டார். வண்ணக் காகிதங்கள் மழையாகக் கொட்டின. உழைத்தவன் ஜெயித்தான் என்று ரசிகர்கள் கொண்டாடிய இரவு அது.

அந்த இரவுக்குப் பத்து மாதம் முன்பு, 2003 மே மாதம், நான்சி விவாகரத்து கேட்டு மனுப் போட்டிருந்தார். கொடுமைப்படுத்துகிறார், வீட்டுச் சாமான்களை உடைக்கிறார் என்று அதில் இருந்தது. கணவர் நெருங்காதபடி பாதுகாப்பும் கேட்டிருந்தார். சில மாதத்தில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2007 ஜூன் வரை அந்தக் காகிதத்தை யாரும் பொருட்படுத்தவில்லை.

நான்சியும் இதே தொழிலில் பெயர் வாங்கியவர்தான். எண்பதுகளில் ஃபுளோரிடாவில் தொடங்கி, பத்து வருஷத்துக்கு மேல் வீரர்களின் மேலாளர் வேடத்தில் மேடையோரம் நின்றவர். அப்போது அவர் கெவின் சலிவனின் மனைவி. தொண்ணூறுகளின் நடுவில் டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனத்தில் கதை எழுதும் பொறுப்பிலிருந்த சலிவன், தன் மனைவி தன்னை விட்டுவிட்டு பென்வாவோடு போவதாக ஒரு கதை எழுதினார். கதை நம்பும்படி இருக்க வேண்டுமென்று இருவரையும் ஒன்றாகவே பயணம் போகச் சொன்னார்கள். அது நிஜமாகிவிட்டது. தன் விவாகரத்தைத் தானே எழுதிக்கொண்டவர் சலிவன் என்பது மல்யுத்த உலகில் ரொம்ப நாள் ஓடிய கிண்டல். 2007க்குப் பிறகு யாரும் அதைச் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

கொலை என்று தெரிந்த மறுகணம் ஊடகங்கள் காரணம் தேடிப் புறப்பட்டன. முதலில் அகப்பட்டது ஊக்கமருந்து. வீட்டில் ஸ்டீராய்டு இருந்தது என்ற செய்தி வந்ததும் கேபிள் சேனல்கள் வாரக்கணக்கில் ஸ்டீராய்டு வெறி என்று முழங்கின. ஓய்வுபெற்ற வீரர்கள் சேனல் சேனலாகப் போய்ப் பேசினார்கள். ஜூலை 17 அன்று ஜார்ஜியாவின் தலைமை மருத்துவப் பரிசோதகர் கிரிஸ் ஸ்பெரி ஆய்வு முடிவை வெளியிட்டார். பென்வாவின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் வழக்கத்துக்கு மிக அதிகம். ஆனால் அதுதான் கொலைக்குக் காரணம் என்று சொல்ல அறிவியல் ஆதாரம் இல்லை என்றார். சிறுவனின் உடலில் மயக்கம் தரும் மாத்திரையின் தடயம் இருந்தது. வெறி வந்து கண்மண் தெரியாமல் செய்துவிட்டார் என்ற வாதம் இந்த ஒரு வரியிலேயே ஆட்டம் கண்டிருக்க வேண்டும். சேனல்களுக்கு அதில் நாட்டமில்லை.

இந்தச் செய்தி இந்தியாவுக்கும் வந்தது. அப்போது டென் ஸ்போர்ட்ஸ் சேனலில் டபிள்யூ.டபிள்யூ.இ. ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் டிரம்ப் கார்டு விளையாடி வீரர்களின் உயரமும் எடையும் மனப்பாடம் செய்து வளர்ந்த பையன்களுக்கு அவர் பென்வா இல்லை, கிறிஸ் பெனாய்ட். ஆனால் அந்த ஜூலையில் இங்கே பேச்சு வேறு. இமாச்சலப் பிரதேசத்துக்காரரான கிரேட் காளி உலகப் பட்டம் ஜெயித்திருந்தார். ஜார்ஜியாவின் இழவை அந்தக் கொண்டாட்டம் மூடிவிட்டது.

அமெரிக்காவில் விஷயம் நாடாளுமன்றம் வரை போனது. ஹென்றி வேக்ஸ்மன் தலைமையிலான கீழவைக் குழு மெக்மேனையும் அவர் குடும்பத்தாரையும் கூப்பிட்டு விசாரித்தது. கெரெரோ இறந்த பிறகு, 2006இல், நிறுவனம் ஊக்கமருந்துச் சோதனையைத் தொடங்கியிருந்தது. 2007 ஏப்ரலில் நடந்த சோதனையில் பென்வா தேறியிருந்தார் என்பது அந்தச் சோதனையின் லட்சணத்தைச் சொல்கிறது. அவருக்கு மருந்துச்சீட்டு எழுதிக் கொடுத்துவந்த ஜார்ஜியா மருத்துவர் ஃபில் ஆஸ்டின், நோயாளிகளுக்குச் சட்டவிரோதமாக மருந்து எழுதியதை ஒப்புக்கொண்டு 2009இல் பத்து வருஷச் சிறைத் தண்டனை பெற்றார்.

இரண்டாவது காரணம் மூளை. கிறிஸ்டோபர் நோவின்ஸ்கி ஹார்வர்டில் படித்து, டபிள்யூ.டபிள்யூ.இ.யில் மல்யுத்தம் செய்து, தலைக்காயத்தால் விலகியவர். பென்வாவின் மூளையைச் சோதிக்கத் தரும்படி அவருடைய தந்தையிடம் கேட்டார். தந்தை சம்மதித்தார். 2007 செப்டம்பரில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜூலியன் பெய்ல்ஸ் முடிவைச் சொன்னார்: 40 வயதுக்காரரின் மூளை, அல்சைமர் வந்த 85 வயதுக் கிழவரின் மூளையைப் போல இருக்கிறது. மூலைக் கம்பத்தின் உச்சியில் ஏறி, கீழே கிடப்பவர் மேல் தலைகுப்புறப் பாய்வது பென்வாவின் பேர்போன வித்தை. அதை அவர் கற்றது தன் ஆதர்சமான டைனமைட் கிட்டைப் பார்த்து. அந்த டைனமைட் கிட் கடைசியில் சக்கர நாற்காலியில் முடங்கினார். இதோடு பின்மண்டையில் இரும்பு நாற்காலி அடி வேறு. மற்றவர்கள் கை வைத்துத் தடுப்பார்கள், பென்வா தடுக்க மாட்டார். அதைத்தான் ரசிகர்கள் நேர்மை என்று மெச்சினார்கள். அவ்வளவு சிதைந்த மூளையோடு ஒருவர் ஊர் ஊராகப் பறந்து ஆட முடியுமா என்று நிறுவனம் எதிர்க்கேள்வி கேட்டது. கேட்டுவிட்டு, 2010 தொடக்கத்தில் தலையில் நாற்காலியால் அடிப்பதைத் தடைசெய்தது.

மூளை ஆராய்ச்சிக்கு இந்த வழக்கு பெரிதும் உதவியது, அதில் ஐயமில்லை. ஆனால் ரசிகர்களுக்கு அது வேறு விதத்திலும் உதவியது. ஊசியின் மேலும் நாற்காலியின் மேலும் பழியைப் போட்டுவிட்டால் 2004 மார்ச் இரவைத் திரும்பவும் குற்றவுணர்வில்லாமல் பார்க்கலாம். மண்டையில் அடி வாங்கியவர்கள் அந்தத் தொழிலில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் யாரும் மூன்று நாள் நிதானமாக இப்படியொன்றைச் செய்யவில்லை.

பென்வா மேல் வைத்திருந்த மதிப்பை என்ன செய்வது என்ற குழப்பம் எண்ணிக்கையிலும் தெரிந்தது. டேவ் மெல்ட்சர் நடத்தும் ரெஸ்லிங் அப்சர்வர் இதழ் 2003இல் பென்வாவைத் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்திருந்தது. 2008இல், நீக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தது. நீக்கச் சொன்னவர்கள் 53.6 சதவீதம்; தேவைப்பட்டது 60. பெயர் அப்படியே இருக்கிறது. நிறுவனமோ 2014இல் பழைய ஆட்டங்களை இணையத்தில் ஏற்றியபோது நடுவழி ஒன்று கண்டது. பென்வா ஆடிய ஆட்டங்கள் இருக்கும், பெயரைத் தட்டித் தேடினால் கிடைக்காது. இதை அறம் என்பதைவிட வியாபாரத் தந்திரம் என்பதே பொருந்தும். கணவரின் பெயரைச் சுரண்டியெடுத்த கையோடு நான்சியின் பெயரும் போய்விட்டது. பத்து வருஷத்துக்கு மேல் மேடையோரம் நின்றவருக்கு நிறுவனத்தின் புகழ் மண்டபத்தில் இடமில்லை. ரசிகர்களில் ஒரு பகுதியினர் இன்றும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பென்வா சம்பவத்துக்கு ஐந்து வருஷம் கழித்து அமெரிக்கக் கால்பந்தில் இதேபோல ஒன்று நடந்தது. 2012 டிசம்பர் 1 அன்று கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் ஜோவன் பெல்ச்சர், தன் குழந்தையின் தாயைச் சுட்டுக் கொன்றார். பிறகு அணியின் பயிற்சி வளாகத்துக்குப் போய், பயிற்சியாளரின் கண்ணெதிரே தன்னையும் மாய்த்துக்கொண்டார். மறுநாள் ஆட்டம் நடந்தது. ஆனால் அதற்கு முன் அரங்கில் மௌனம் காத்தது குடும்ப வன்முறைக்குப் பலியானவர்களுக்காக. பெல்ச்சருக்கு அஞ்சலி கிடையாது. அன்றிரவு வேறோர் ஆட்டத்தின் இடைவேளையில் வர்ணனையாளர் பாப் காஸ்டஸ் துப்பாக்கிக் கலாச்சாரத்தைச் சாட, அடுத்த வாரம் முழுக்க நாடு அவரோடு சண்டை போட்டது. கொல்லப்பட்ட 22 வயதுப் பெண்ணைப் பற்றிய பேச்சு அந்தச் சண்டையில் அடிபட்டுப்போனது.

நான்சி விஷயத்தில் நடந்தது இன்னும் கேவலம். 2007 ஜூலையில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் அவருக்கும் டேனியலுக்கும் குடும்பத்தார் நினைவஞ்சலி நடத்தினார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஹஸ்ட்லர் பத்திரிகை அவருடைய இருபது வருஷத்துக்கு முந்தைய நிர்வாணப் படங்களைப் போட்டது. கொலையுண்டவர் செய்தியில் இருப்பவர், ஆகவே படமும் செய்தியே என்பது பத்திரிகையின் வாதம். நான்சியின் தாய் வழக்குப் போட்டார். நான்சி செத்த விதத்துக்கும் இந்தப் படங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2011இல் நடுவர்கள் 1,25,000 டாலர் இழப்பீடும், அதற்கு மேல் தண்டனையாக 1.96 கோடி டாலரும் விதித்தார்கள். ஜார்ஜியா சட்டத்தின் உச்சவரம்பைக் காட்டி நீதிபதி அந்தத் தண்டனைத் தொகையை 2,50,000 டாலராகக் குறைத்தார். 2012இல் மேல்முறையீட்டில் அதுவும் ரத்தாகி, 1,25,000 டாலர் மட்டும் நின்றது.