மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஒரு குரல்

குரலை மட்டும் கேட்டு ஒருவர் சாட்சி சொல்லலாமா? ஃபிக்ஹு நூல்களில் சாட்சியப் பாடத்தில், பார்வையற்றவரைப் பற்றிப் பேசுமிடத்தில் எழும் வினா இது. குரலை ஐயமற அறிந்தவராயின் ஏற்கலாம் என்பது மாலிகி, ஹன்பலி அறிஞர்களின் நிலை. ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அதனை ஏற்பதில்லை. குரல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கக் கூடும் என்பது அவர்கள் கூறும் காரணம். மனிதர் வழக்குகளுக்காக எழுந்த இவ்வினா வனவிலங்கு ஆய்வாளர் முன்னும் வந்து நின்றது.

பஸராவின் அல்ஜாஹிஸ் (மறைவு ஹிஜ்ரி 255) தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில் விலங்குகளின் குரல்களையும் ஆராய்ந்தவர். ஆனால் அவற்றை எழுத்தால் வருணிக்கத்தான் அவரால் இயன்றது. 1889இல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்னும் எட்டு வயதுச் சிறுவன், எடிசன் கருவியின் மெழுகு உருளையில் ஒரு பறவையின் பாட்டைப் பதிவு செய்தான். இன்று அறியப்படும் பறவைக் குரல்பதிவுகளில் மிகப் பழையது அதுவே. பாடியது நம் நாட்டுக் காடுகளுக்கும் உரிய ஷாமா. எனினும் அது கூண்டில் வளர்ந்த பறவை. காட்டைப் பற்றி அது சொல்லக்கூடிய சாட்சியம் ஏதுமில்லை.

செவிக்கு எட்டாததையும் கருவி எட்டியது. யானைகள் நமக்குக் கேளாத ஒலியால் தம்முள் பேசிக்கொள்கின்றன என்பதை முதலில் ஊகித்தவர் ஏ. மாதவையாவின் மகனும் சென்னை இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996) ஆவார். 1984இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குக் காட்சியகத்தில், ஆசிய யானைகளின் அருகே காற்று அதிர்வதை உணர்ந்த காத்தரின் பெயின் அதனைப் பதிவு செய்து மெய்ப்பித்தார்.

எனினும் குரலே சாட்சியாகி நின்ற வழக்கு நமக்கு இன்னும் அருகில், ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் உள்ளது. சென்னை இராணுவத்தின் மருத்துவர் ஜெர்டன் பெயரால் 1848இல் அறிவியலில் பதிவான பறவை ஒன்றைத் தெலுங்கர் 'கலிவி கோடி' என்பர். 1900க்குப் பின் அது எவர் கண்ணிலும் படவில்லை. அற்றுப்போயிற்று என்றே கருதப்பட்ட நிலையில், 1986 ஜனவரியில் ஐத்தன்னா என்னும் உள்ளூர் வேட்டைக்காரர் அதனை இரவில் உயிருடன் பிடித்தார். ஸாலிம் அலீ மறைவதற்கு ஓராண்டு முன்னர் நிகழ்ந்தது இது.

முட்புதர்க் காட்டில் இரவில் திரியும் பறவையைக் கண்ணால் தேடுவது எங்ஙனம்? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் ப. ஜெகநாதன் முதலியோர் மண்ணைச் சமன்செய்து அதில் பதியும் கால்தடங்களைப் பார்த்தனர். தானியங்கிப் புகைப்படக் கருவிகளை வைத்தனர். அதன் குரலின் முதற்பதிவு குறித்து அவரும் சைமன் வாட்டனும் எழுதிய குறிப்பு 2004இல் வெளிவந்தது. சூரியன் மறைந்து முக்கால் மணி நேரத்திற்குப் பின், அதாவது மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே, சில நிமிடங்கள் மட்டுமே அது இரட்டை அசையில் கூவும். அப்பதிவை ஒலிக்கச் செய்து மறுமொழி வருகிறதா எனக் கேட்பதே பின்னர் தேடும் முறைகளுள் ஒன்றாயிற்று.

இதில் நமக்கும் ஒரு பங்குண்டு. 2005இல் அப்பறவையின் வாழிடத்தை ஒட்டி வெட்டப்பட்ட கால்வாய், தெலுங்கு கங்கைத் திட்டத்தைச் சார்ந்தது. 1983இல் ஒப்பந்தமாகி, 1996இல் தமிழகத்தை எட்டிய கிருஷ்ணா நீரைப் பூண்டிக்கும் அங்கிருந்து புழலுக்கும் தருவது அதே திட்டந்தான். வெட்டப்பட்டது சென்னைக்கு நீர் வரும் வாய்க்கால் அன்று. ஆயினும் புழல் ஏரியை அடுத்த கள்ளிக்குப்பத்தில் உளூச் செய்பவர் அத்திட்டத்திற்கு முற்றிலும் அந்நியர் அல்லர். பறவை எங்கெங்கு வாழ்கிறது என்பதை ஆய்வாளர் முன்பே நிறுவியிருந்தமையால்தான் எதிர்ப்புக்கு வலுக் கிடைத்தது. கால்வாயின் பாதை மாற்றப்பட்டது.

குரல்கள் ஒத்திருக்கும் என்ற ஷாஃபிஈகளின் தடைக்கு என்ன விடை? ஹதீஸைப் பெறும் வழிகள் எட்டென வகுத்த இப்னுஸ் ஸலாஹ் (மறைவு ஹிஜ்ரி 643) 'ஸமாஉ' எனும் நேரிற் கேட்டலை முதலில் வைத்தார். பழைய கையெழுத்துப் படிகளின் ஓரங்களில் கேட்டவர் பெயர், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்த ஸமாஉச் சான்றுகளைக் காணலாம். ஒலிப்பதிவாளர் தம் பதிவின் முடிவில் தம் வாயாலேயே நாள், நேரம், இடம் சொல்லி வைப்பது இதன் உடன்பிறப்பேயாகும். அவை இல்லாத பதிவு, இஸ்னாது அறுந்த அறிவிப்பு.

இப்போது மனிதரே இல்லாமல் கருவிகள் காட்டில் இராப்பகலாய்ப் பதிகின்றன. வால்பாறையில், சிதைந்த மழைக்காட்டில் மரக்கன்று நட்டு மீட்ட பகுதிகளை இவ்வாறு கேட்டு ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டனர். அங்குள்ள பறவைக் கூட்டம், தானாக வளர விடப்பட்ட பகுதிக்கும் முதிர்காட்டுக்கும் இடைப்பட்டதாக இருந்தது. பயனுள்ள பணிதான். ஆனால் இன்ன பறவை என்று கணினி தானே முடிவுகட்டித் தரும் பட்டியலை, அப்பறவையை அறிந்தவர் ஒருவர் கேட்டு உறுதி செய்யும்வரை, 'மஜ்ஹூல்' எனப்படும் அறியப்படாத ராவியின் சொல்லாகவே நான் கொள்வேன்.

கலிவி கோடி 2009க்குப் பின் மீண்டும் மறைந்தது. 2025 ஆகஸ்டில் பறவை ஆர்வலர் குழு ஒன்று கடப்பை மாவட்டத்தில் இரவில் அதன் குரலைக் கேட்டுப் பதிவு செய்தது. இன்ன பறவையின் குரல் என்று ஒப்பிட்டறிய அவர்களுக்கு இருந்தது, இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அதே மாவட்டத்தில் எடுக்கப்பட்ட அந்தப் பழைய பதிவு.