திறக்காத ஜன்னல்

ஜன்னல் என்ற சொல்லை நமக்குக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர். அதற்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் 'காலதர்' என்றொரு சொல் இருந்தது, சிலப்பதிகாரத்தில் வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கில 'விண்டோ'வின் மூலச் சொல்லுக்கும் பழைய நார்ஸ் மொழியில் காற்றின் கண் என்றே பொருள். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகளும் ஜன்னலுக்குப் பெயரிட்டபோது காற்றை நினைத்திருக்கின்றன. சுவரளவு கண்ணாடியைத் திறக்க முடியாதபடி சட்டத்தில் இறுக்கிப் பொருத்தியபோது, இருபதாம் நூற்றாண்டு பார்வையை வைத்துக்கொண்டு காற்றைக் கைவிட்டது.

பார்வையைப் பற்றியும் சச்சரவு உண்டு. 1923-இல் பாரிஸில் ஓகுஸ்த் பெரே, ஒருகாலத்தில் தன்னிடம் வேலை பார்த்த லெ கொர்புஸியேயின் படுக்கைவச ஜன்னல்களைக் கண்டித்தார். நின்றவாக்கிலான ஜன்னலில் வானமும் தெருவும் தரையும் சேர்ந்து தெரியும், அது நிற்கும் மனிதனின் வடிவம் என்பது அவர் கட்சி. படுக்கைவச ஜன்னலோ மேலும் கீழும் வெட்டிவிட்டு, ஒரு நீண்ட காட்சியை மட்டும் மிச்சம் வைக்கிறது. இதைச் சொன்னவர் பழமைவாதி அல்ல, கான்கிரீட்டின் முன்னோடி. லெ கொர்புஸியே வெளிச்சக் கணக்கைக் காட்டிப் பதில் சொன்னார். இருவருமே ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதை மறக்கவில்லை.

அந்த மனிதன் மறக்கப்பட்ட இடம் என்று எனக்குப் படுவது, சிகாகோவிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளி, ஃபாக்ஸ் நதிக்கரையில் பிளேனோ என்ற ஊரில் உள்ள ஒரு வீடு. சிறுநீரக மருத்துவரான ஈடித் ஃபார்ன்ஸ்வர்த்துக்காக மீஸ் வான் டெர் ரோஹ் வடிவமைத்து, 1951-இல் முடிந்தது. எட்டு வெள்ளை எஃகுத் தூண்கள், அவற்றுக்கிடையே தரை முதல் ஒன்பதரை அடி உயரக் கூரை வரை கண்ணாடி. திறப்பதற்கு இருந்தவை மேற்கே ஒரு கதவும் கிழக்கே கீழ்ப்பகுதியில் இரண்டு சிறிய ஜன்னல்களும்தான். கண்ணாடியினூடே பார்க்கப்படும் இயற்கை கூடுதலான அர்த்தம் பெறுகிறது என்பது மீஸின் கொள்கை.

கொள்கைக்கு உட்பட்டு வாழ வேண்டியிருந்தது மருத்துவர். கோடையில் வெயில் உள்ளே வந்தது, அனல் வெளியே போக வழியில்லை. குளிர்காலத்தில் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்துக்கொண்டது. இரண்டு தகடுகளுக்கிடையே காற்றை அடைத்த இரட்டைக் கண்ணாடி அப்போதே அமெரிக்கச் சந்தையில் கிடைத்தது. இரவில் விளக்கேற்றினால் வீடே விளக்காகி நதிக்கரைப் பூச்சிகளை அழைத்தது. பின்னால் முகப்புத் திண்ணைக்கு வலை அடிக்க வேண்டியதாயிற்று. செலவு ஏறத்தாழ 74,000 டாலருக்கு ஏறியது. கட்டணத்துக்காக மீஸ் வழக்குத் தொடுத்தார், அவர் எதிர்வழக்காடினார், தீர்ப்பு மீஸின் பக்கம் போனது. 1954-இல் நதி பெருகி, தரையிலிருந்து ஐந்தடிக்கும் மேலே தூக்கி நிறுத்தியிருந்த அந்தத் தளத்துக்கும் மேல் நான்கடி ஏறியது.

கடைசியில் காட்சியும் நிலைக்கவில்லை. அரசு அவர் நிலத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு சாலையையும் பாலத்தையும் வீட்டுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தது. அசையாத ஜன்னலை வாங்குகிறவன் அதற்கப்பால் உள்ளதும் அசையாது என்று நம்பித்தான் வாங்குகிறான். ஆனால் அது அவன் சொத்தல்ல. 1972-இல் அவர் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் வலையை எடுத்துவிட்டு ஏர்கண்டிஷன் வைத்தார். காற்றின் வழியை அடைத்ததற்கான அபராதத்தை இனி மின்சாரம் கட்டும்.

ஒரு தன்னிலை விளக்கம் தேவை. வடிவச் செம்மைக்கு உதாரணமாக இந்த வீட்டை நான் பலமுறை விவாதங்களில் எடுத்துப் போட்டிருக்கிறேன். கையிலிருந்தது ஒரு புகைப்படம். அதில் மனிதர் யாரும் இல்லை. அந்த இன்மையை நான் தூய்மை என்று வாசித்தேன். கவிதையிலும் இதே வாசிப்பைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது இப்போது உறுத்துகிறது. அனுபவிக்கிறவன் மூச்சுவிட இடமில்லாத வரிகளை இறுக்கம் என்று பாராட்டியிருக்கிறேன். வீடு அழகானது என்பதை நான் மறுக்கவில்லை, இன்றும் அழகானதுதான். அந்த அழகுக்கான விலையை வேறொருவர் கட்டிக்கொண்டிருந்தார் என்பதை விமர்சனம் ஒரு அடிக்குறிப்பாகக்கூட ஏற்கவில்லை. 2021-இல்தான் வீட்டின் பெயரோடு 'ஈடித்' என்ற முதற்பெயரைச் சேர்த்தார்கள்.

அவர் ஃப்ளாரன்ஸ் அருகே குடியேறி, 1977-இல் இறந்தார். இத்தாலியக் கவிஞர்களை மொழிபெயர்த்தார் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரியவந்தது. மொந்தாலேயின் கவிதைகளை அவர் ஆங்கிலத்தில் கொண்டுவந்த நூல் 1970-இல் வெளியாயிற்று. 'தற்காலிக முடிவுகள்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அந்த ஆண்டிலும் பிளேனோ வீடு அவருடையதாகவே இருந்தது.

பெரிய கண்ணாடி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எவ்வளவு தெரிகிறது என்று கேட்பதற்கு முன், எது திறக்கும், யார் திறப்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.