மூன்று புலியும் பதினைந்து ஆடும்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் புதிய பலகை விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருமாறு பணித்திருந்தேன். ஒரு மாணவன் ஏழுதலை அரக்கன் ஒருவனைப் படைத்து வந்தான். அவ்வரக்கனைத் தீயும் சுடாது; வாளும் வெட்டாது. எதிர்த்து ஆடிய நால்வரும் இரண்டே சுற்றில் மாண்டனர். மீண்டும் ஆட எவரும் முன்வரவில்லை. மாணவனின் முகம் வாடிற்று.

அவனுக்கு விடை தேடியபோது, பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில், லயத்து வாசலில் என் பாட்டி கரித்துண்டால் வரைந்த கோடுகள் நினைவுக்கு வந்தன. அதுவே ஆடு புலி ஆட்டம்.

தமிழகக் கோயில் மண்டபங்களின் கல்தரையில் இவ்வாட்டக் கோடுகள் கீறப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். மண்டபத்தின் வயதே கோட்டின் வயது எனக் கொள்ளுதல் பொருந்தாது. பின்னாளில் வந்து இளைப்பாறியோரும் கீறியிருக்கலாம். கங்காணி முறையில் மலாயாவுக்கு ஆள் சேர்க்கப்பட்ட காலத்திலும், 1938இல் இந்திய அரசு அதனைத் தடைசெய்யும் வரையிலும், கப்பலேறிய நம் முன்னோர் மூட்டையில் இடம் கேட்காத சொத்துகள் சிலவற்றையும் கொணர்ந்தனர். அவற்றுள் ஒன்று இவ்விளையாட்டு. எங்கள் தோட்டத்தில் ரப்பர் விதைகளே ஆடுகள், கூழாங்கற்களே புலிகள்.

இதன் அமைப்பை நோக்குக. பலகையில் 23 புள்ளிகள்; புலிகள் 3; ஆடுகள் 15. ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். யாவும் இறங்கிய பின்னரே நகரும். புலி, அடுத்துள்ள ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அப்பால் உள்ள வெற்றுப் புள்ளியில் குதித்து வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. புலியை நகரவிடாமல் அடைத்தலே அதன் வெற்றி. ஓர் ஆடும் வெட்டுப்படாதிருப்பின் எஞ்சும் வெற்றிடம் ஐந்தே. புலி பாய்வதற்கு வெற்றிடம் தேவை. ஆகவே ஒவ்வோர் ஆடு வீழும்போதும் புலியின் வலிமை பெருகுகிறது. பின்னால் துணை ஆடு நிற்கும் ஆட்டையோ புலியால் வெட்ட இயலாது. வலியவனுக்குப் பாய்ச்சல், எளியவனுக்கு எண்ணிக்கை. சமநிலை என்பது இருவரையும் ஒன்றுபோல் ஆக்குவதன்று. இருவருக்கும் வெல்லும் வழியை வைப்பதாகும்.

மலாய் மக்களிடமும் 'ரிமாவ்' எனப்படும் புலியாட்டம் உண்டு. நேப்பாளத்தின் 'பாக் சால்' ஆட்டத்தில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். இருதரப்பும் பிழையின்றி ஆடினால் அது வெற்றி தோல்வியின்றி முடியும் எனக் கணினிவழிக் கண்டறிந்தனர் லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் ஆகிய இருவர். அக்கட்டுரை 2009இல் நூலொன்றில் வெளிவந்தது.

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் அமெரிக்காவில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' எனும் கற்பனைப் பாத்திர விளையாட்டும் இதே சிக்கலைச் சந்தித்தது. 2000இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு ஒவ்வோர் அரக்கனுக்கும் ஒரு சவால் எண்ணை வகுத்தது. ஐந்தாம் நிலை வீரர் நால்வருக்கு, சவால் எண் ஐந்துடைய அரக்கன் ஏற்ற எதிரி என்பது கணக்கு. எனினும் தனி அரக்கன் ஒருமுறை தாக்குவதற்குள் நால்வர் நான்கு முறை தாக்கிவிடுவர். அதனால் எண் மட்டும் போதாது. ஆடிப் பார்த்தே திருத்த வேண்டும்.

என் மாணவனிடமும் இதையே கூறினேன்: "ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்று, பிறகு ஆடிப் பார்." அரக்கன் ஒரு தலையால் தாக்கும்போது மற்றத் தலைகள் உறங்கும் என அவன் விதி வகுத்தான். மறுவாரம் ஓய்வுநேரத்தில் அவன் மேசையைச் சுற்றிக் கூட்டம்!

ஒரு வருத்தமும் எனக்குண்டு. எத்தனை ஆடுகள் வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். பாட்டி வைத்திருந்த எண்ணை நான் கேட்டு வைக்கவில்லை. இன்று பாட்டியும் இல்லை. லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது.

பெற்றோர்களே, உங்கள் இல்லத்தில் முதியவர் இருப்பின், இவ்வாரமே பிள்ளையை அவரருகே அமர்த்தி ஒரு பலகை வரையச் சொல்லுங்கள். அந்த எண்ணையும் மறவாமல் கேட்டு எழுதி வையுங்கள்.