ஆறாம் ஆண்டுக்குப் பிறகு ஒரு சீடி

மலேசியத் தமிழ் ஆல்பங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே இலக்கியம் வாசிக்கும் நண்பர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும். "அதெல்லாம் படிவம் ரெண்டு, மூணு பசங்க கேக்குறது" என்பார்கள். சரியான பேச்சுதான். பதின்ம வயதினரைக் குறிவைத்துச் செய்யப்பட்ட பாட்டுகள் அவை. அவர்கள் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கோ அந்த வரலாற்றை அங்கிருந்துதான் எழுதத் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இசை தெரியாது. ராகம் கண்டுபிடிக்க வராது. கம்போங் ராஜா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்து, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, இப்போது ஈப்போவில் வேலை பார்க்கிறேன். சிம்பாங் பூலாய் சாலையில் வீட்டுக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் பாட்டு கேட்பேன், அவ்வளவுதான். அதனால் இங்கே வருவது ஒரு சாதாரணக் காதின் கருத்து. ஆனால் இந்த ஆல்பங்கள் சாதாரணக் காதுகளுக்காகத்தானே செய்யப்பட்டன?

மலேசியாவுக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு விவரம். இங்கே தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். கணக்கு, அறிவியல், நன்னெறி என்று எல்லாவற்றையும் தமிழில் படித்த பிள்ளை, 13 வயதில் மலாய் மொழியில் நடக்கும் இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறது. மலாய் போதவில்லை என்றால் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு தனியாக உட்கார வேண்டும். அதன் பிறகு தமிழ் என்பது ஒரு பாடம் மட்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அந்தப் பாடத்தை நடத்தலாம். நான் படித்த இடத்தில் தமிழ் வகுப்பு மதியத்துக்கு மேல்தான். தோட்டத்துக்குப் போகும் பஸ் அதற்குள் கிளம்பிவிடும். பஸ்ஸா தமிழா என்று கேட்டால் 13 வயதுப் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆக, 13 வயதிலிருந்து 17 வயது வரை ஒரு பெரிய இடைவெளி. வீட்டில் பேச்சுத் தமிழ் உண்டு, கோயிலில் தேவாரம் உண்டு. ஆனால் காதல், கோபம், அவமானம், நட்பு, 'நான் யார்' என்ற குழப்பம், இதையெல்லாம் சொல்லும் தமிழ் பள்ளிக்கூடத்திலிருந்து வராது. சினிமாப் பாட்டிலிருந்து வரும். அதிலும் நம் ஊர்ச் சாயல் இருக்காது. அந்த இடைவெளிக்குள் நுழைந்தவைதான் இந்த ஆல்பங்கள்.

சினிமாவுக்கு வெளியே தமிழில் பாப் இசை என்பது பெரும்பாலும் தமிழ்நாட்டுக்கு வெளியேதான் வேர்விட்டிருக்கிறது. இலங்கையில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடி பொப்பிசைக்கு ஒரு பாதை போட்டார். ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைத் தமிழ்நாட்டு மேடைகள் வரை கொண்டுபோனார். தமிழ்நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1990களில் மால்குடி சுபா 'வால்பாறை வட்டப்பாறை' பாடினார். தேயிலை மலை ஒன்றின் பெயர் ஒரு பாப் பாட்டில் வந்தது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தனிச் சந்தோஷம். ஆனால் அங்கே சினிமா என்ற ஆலமரத்தின் நிழல் மிகப் பெரியது. அதன் கீழே சின்னச் செடிகள் நெடுநாள் தாங்குவதில்லை. கடல் தாண்டி வந்த பிறகுதான் கொஞ்சம் வெயில் கிடைத்தது.

மலேசியாவில் இந்தக் கதை மூன்று படிகளில் நடந்திருக்கிறது. முதல் படி, பினாங்கின் அல்லிகேட்ஸ். லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற அண்ணன் தம்பிகள். பெரிய சுருட்டைத் தலைமுடி, மேடையை அள்ளும் குரல். 1970களின் இறுதியிலிருந்து நாடே அவர்களைக் கொண்டாடியது. ஆனால் அவர்கள் புகழ்பெற்றது மலாய்ப் பாட்டுகளால். ஒரு தமிழ்ப் பையன் இந்த நாட்டில் பாப் நட்சத்திரம் ஆகலாம், ஆனால் அதற்கு மொழி மாற வேண்டும் என்பதுதான் அன்றைய கணக்கு. 2007இல் லோகநாதன் இறந்தபோது மலாய்க்காரர்கள், சீனர்கள், தமிழர்கள் என எல்லோருமே அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்து வருந்தினார்கள். அது சின்ன சாதனை இல்லை. இருந்தாலும் தமிழ் அந்த மேடைக்குப் பின்னால்தான் நின்றது.

இரண்டாம் படி, போயட்டிக் அம்மோ. யோகி பி, பாயிண்ட் பிளாங்க், சி. லோக்கோ, லேண்ட்ஸ்லைட் என நாலு பேர். 1998இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ஆங்கிலத்தோடு மலாய், தமிழ், கண்டனீஸ் மொழிகளும் இருந்தன. கோலாலம்பூரில் ஒரு பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றால் காதில் விழும் நாலு மொழிகள் அவை. இங்கே தமிழ் மேடைக்கு வந்துவிட்டது, ஆனால் நாலில் ஒன்றாக.

மூன்றாம் படி 2006. யோகி பியும் நட்சத்திராவும் வெளியிட்ட 'வல்லவன்'. டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரும் அவரோடு சேர்ந்தார்கள். இந்த முறை தமிழ் நடுவில் உட்கார்ந்தது. ஆங்கிலம் வந்தது, ஆனால் விருந்தாளியாக. எட்டு ஆண்டுகளில் அதே மனிதர் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்து சேர்ந்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கள் பள்ளிக்கூடப் பாதை தமிழிலிருந்து வெளியே போகிறது. இவர் எதிர்த்திசையில் நடந்தார்.

அந்த ஆல்பத்தில் எல்லோருக்கும் தெரிந்தது 'மடை திறந்து'. அதன் அடித்தளம் 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துப் பாட்டு. இளையராஜா இசை, வாலி வரிகள், எஸ்.பி.பி. குரல். படத்தில் அது இசையமைப்பாளராகக் கனவு காணும் ஓர் இளைஞனின் பாட்டு. வேலை கிடைக்காத படித்த பிள்ளைகளைப் பற்றிய படமும்கூட. அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது என்பது என் கருத்து. லயத்தில் எங்கள் அப்பாவுக்கு அந்த மெட்டு தெரியும். எனக்கு ராப் தெரியும். ஒரே பாட்டில் இரண்டு தலைமுறையும் அவரவருக்குத் தெரிந்த இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். "என்னடா இது கத்தல்" என்று ஆரம்பித்தவர்கள், பழைய மெட்டு வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். பதின்ம வயதுப் பாட்டு பெற்றோரை எரிச்சலூட்ட வேண்டும் என்பது உலகப் பொதுவிதி. இங்கே அது பெற்றோரின் பாட்டுப்பெட்டியிலிருந்தே வந்தது.

அந்தக் காலத்தையும் மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. தோட்டங்கள் கைமாறின, மூடின. மக்கள் பட்டணத்து ஓர அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். எங்கள் தேயிலைத் தோட்டங்களிலும் பாட்டிகள் பறித்த இடத்தில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் வந்து நின்றார்கள். 'தமிழ் இளைஞர்கள்' என்று செய்தித்தாளில் வந்தால் பின்னாலேயே 'குண்டர் கும்பல்' என்ற சொல்லும் வரும். 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர்த் தெருவில் இண்ட்ராப் பேரணி நடந்தது. 'வல்லவன்' அதற்கு ஓராண்டு முன்னால் வந்த ஆல்பம். பாட்டால் பேரணி வந்தது என்று சொன்னால் அது கதை. ஆனால் தன்னைப் பற்றி மற்றவர்கள் சொல்வதை மட்டுமே கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, தலை நிமிர்த்திப் பேசும் ஒரு தமிழ்க் குரல் அந்த நேரத்தில் தேவைப்பட்டது. 'வல்லவன்' என்ற தலைப்பையே பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பின்வரிசையில் உட்காரும் பையனை அதற்கு முன் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

புகழ்ந்துகொண்டே போனால் அது கட்டுரை ஆகாது. குறைகளும் உண்டு. இந்த ஆல்பங்களைத் தொடர்ந்து வந்த ஒரு பெரிய கூட்டத்தில் பாதிப் பாட்டுகள் தற்பெருமைப் பாட்டுகள். 'நான் வந்துட்டேன், ஒதுங்கு' என்பதைத் தாண்டி விஷயம் இருக்காது. மீதிப் பாதி காதல் தோல்வி. திலீப் வர்மனின் 'உயிரைத் தொலைத்தேன்' மாதிரி நிஜமாகவே உருக வைக்கும் பாட்டுகள் உண்டு. அது தமிழ்நாடு வரை போய், எந்தப் படத்துப் பாட்டு என்று தேட வைத்தது. ஆனால் அதைப் பார்த்து வந்த நகல்களில் பெண் ஒன்று தேவதை, இல்லையென்றால் துரோகி. அவள் வாய் திறந்து பேசுவதில்லை. என் தங்கை ஒருமுறை கேட்டாள்: "அண்ணே, இவனுங்க எல்லாரும் ஒரு பொண்ணுகிட்டதானே பேசுறானுங்க, அவ பதில் சொன்ன சீடி எங்க?" அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த ஐம்பது பாட்டில் பதில் இல்லை.

இன்னொன்று. இவை பட்டணத்துப் பாட்டுகள். தெரு, கார், இரவு வெளிச்சம். பனிமூட்டம், கொழுந்துக் கூடை, காய்கறிக் குடில், மண்சரிவு வந்தால் மூடும் சாலை, இவை எதுவும் அதில் கிடையாது. கேமரன் மலையில் உட்கார்ந்து கேட்ட எங்களுக்கு அது வேறொருவர் வீட்டுக் கதைதான். ஆனாலும் அதில் வந்த தமிழ் எங்கள் தமிழ். மதுரைத் தமிழோ சென்னைத் தமிழோ இல்லை. மலாய்ச் சொல் நடுவில் கூச்சமில்லாமல் வந்து போகும், வல்லினம் கொஞ்சம் அழுந்தி விழும். நாம் பேசுவது மாதிரியே ஒருத்தன் சீடியில் பேசுகிறான் என்பது 13 வயதில் சாதாரண விஷயமா?

சென்னை இதைச் சீக்கிரமே கவனித்தது. 2007இல் 'பொல்லாதவன்' படத்துக்காக ஜி.வி. பிரகாஷ் 'எங்கேயும் எப்போதும்' பாட்டை மறுபடி செய்தபோது யோகி பி அதில் ராப் பாடினார். அந்தப் பாட்டின் மூலம் 1979இல் வந்த கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்'. சிங்கப்பூருக்குக் கச்சேரி செய்யப் போகும் ஓர் இசைக்குழுவின் கதை அது. அன்று இளமையையும் துள்ளலையும் காட்ட சென்னை சினிமா கேமராவைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. 28 ஆண்டுகள் கழித்து அதே பாட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து குரலைக் கேட்டு வாங்கியது. பிறகு 2011இல் 'ஆடுகளம்', 2025இல் 'விடாமுயற்சி' என்று அந்தக் குரல் சினிமாவில் தொடர்ந்து ஒலிக்கிறது. பெருமைதான். ஆனால் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஆலமர நிழலுக்கு வெளியே வளர்ந்த செடிக்குக் கடைசியில் பெரிய அங்கீகாரம் ஆலமரத்தடியிலேயே கிடைத்தது. இன்று இளைய தலைமுறைக்கு அவர் 'படத்துல ராப் பாடுறவரு'. 'வல்லவன்' என்ற சீடி ஒன்று இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது.

இதில்தான் எனக்குக் கவலை. நாங்கள் இந்த ஆல்பங்களை ஆல்பமாகக் கேட்டதே குறைவு. பசார் மலாமில் அஞ்சு வெள்ளிக்கு ஒரு எம்பி3 சீடி, அதில் நூற்றுக்கு மேல் பாட்டு. அதிலிருந்து கணினிக்கு, கணினியிலிருந்து கைப்பேசிக்கு, கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாக அடுத்த கைப்பேசிக்கு. 128 கேபிபிஎஸ் அளவில் சுருக்கினால் நாலு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 4 எம்பி. ஓய்வு நேர மணி அடிப்பதற்குள் இரண்டு மூன்று பாட்டு கைமாறும். வந்து சேரும்போது கோப்பின் பெயர் 'ட்ராக் 03' என்றிருக்கும். யார் எழுதியது, யார் இசை, எந்த ஆண்டு, ஒன்றும் கூட வராது. ராப் என்றால் எல்லாமே யோகி பி, காதல் என்றால் எல்லாமே திலீப் வர்மன். மற்றவர்கள் எல்லோரும் பெயரில்லாமல் போனார்கள். பாட்டுக்காரர்களுக்குக் காசும் போகவில்லை. அந்தப் பரவலால்தான் மலைமேல் எங்களுக்குப் பாட்டு வந்தது, அதே பரவல்தான் ஆல்பம் என்ற பொருளையே கொன்றது. இன்று ஒரு பாட்டு, ஒரு வீடியோ, யூடியூபில் ஒரு வாரம். முடிந்தது.

வீட்டில் எழுதிய சீடிகளில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். சூடும் வெளிச்சமும் பட்டால் அது மெல்ல மங்கும். எங்கள் வீட்டு அலமாரியில் இருப்பவற்றில் பாதி இப்போது ஓடுவதில்லை. கடையில் விற்ற அசல் சீடிகளின் அட்டையில்தான் பாடலாசிரியர் பெயரும் ஒலிப்பதிவு செய்தவர் பெயரும் இருக்கும். அந்த அட்டைகள் யார் யார் வீட்டிலோ, பழைய காரின் கையுறைப் பெட்டியிலோ கிடக்கின்றன. மலேசியத் தமிழ் இலக்கியத்துக்குக் கஷ்டப்பட்டாவது ஒரு வரலாறு எழுதிவைத்திருக்கிறோம். சிறுகதைத் தொகுப்புகளுக்கு ஆண்டு வாரியாகப் பட்டியல் இருக்கிறது. இந்தப் பாட்டுகளுக்கு அப்படி ஒரு பக்கம்கூட நான் பார்த்ததில்லை.

ஆறாம் ஆண்டோடு தமிழ்ப் பாடப்புத்தகத்தை மூடியவர்கள் எங்களில் நிறைய பேர். அதில் சிலர் பிறகு வாசகர்களாகத் திரும்பி வந்தோம். அந்த இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் தமிழில் எதுகை போட்டுப் பார்க்கலாம், கோபப்படலாம், காதலிக்கலாம் என்று காதில் சொல்லிக்கொண்டிருந்தது இந்தப் பாட்டுகள்தான். அவற்றில் நல்லது எது, குப்பை எது என்று சண்டை போடுவோம், தாராளமாக. அதற்கு முன்னால், உங்கள் வீட்டில் அசல் சீடி ஏதாவது இருந்தால் அட்டையைத் திறந்து பெயர்களை எழுதிவையுங்கள். இன்னும் படிக்க முடிகிறது.