ஆர்தர், செஸ்டர் ஆலன்

செஸ்டர் ஆலன் ஆர்தர் (1829–1886) அமெரிக்காவின் 21ஆவது அதிபர். ஜேம்ஸ் கார்ஃபீல்டு கொலையுண்டதால் 1881 செப்டம்பரில் பதவிக்கு வந்து, 1885 மார்ச் வரை ஆண்டார். சிபாரிசாலும் கட்சி விசுவாசத்தாலும் அரசு வேலை கிடைத்த காலத்தில், அந்த முறையாலேயே வளர்ந்தவர். அதற்கு முதல் பூட்டைப் போட்ட சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே.

வெர்மான்ட் மாநிலத்தில், அயர்லாந்திலிருந்து குடியேறிய பாப்டிஸ்ட் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். நியூயார்க்கில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய சில மாதங்களிலேயே நல்லதொரு வழக்கு கைக்கு வந்தது. எலிசபெத் ஜென்னிங்ஸ் என்ற கறுப்பின ஆசிரியை, 1854இல் தேவாலயத்துக்குப் போகும் வழியில் குதிரை டிராமிலிருந்து பலவந்தமாக இறக்கிவிடப்பட்டார். அவருக்காக 24 வயது ஆர்தர் வாதாடினார். மறு ஆண்டு தீர்ப்பு சாதகமாக வந்து, ஜென்னிங்ஸுக்கு 225 டாலர் இழப்பீடு கிடைத்தது. ஆர்தரின் வாழ்க்கையில் யாரும் குறைசொல்ல முடியாத பக்கம் இது.

அடுத்த பக்கங்கள் அப்படியல்ல. நியூயார்க் குடியரசுக் கட்சியைக் கைக்குள் வைத்திருந்த செனட்டர் ராஸ்கோ காங்க்லிங்கின் வலக்கரமானார். 1871இல் அதிபர் கிரான்ட் அவரை நியூயார்க் துறைமுகச் சுங்க கலெக்டராக நியமித்தார். நாட்டின் சுங்க வருவாயில் பெரும்பகுதி அங்கேதான் வசூலானது. சுமார் ஆயிரம் பேர் வேலை பார்த்த அந்த அலுவலகத்தில் கட்சிக்காரர்களுக்கே இடம். அவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கு கட்சி நிதிக்குப் போகும். இறக்குமதியாளர்களிடம் பிடிக்கும் அபராதத்தில் அதிகாரிகளுக்குச் சட்டப்படியே பங்கு இருந்ததால், தொடக்க ஆண்டுகளில் ஆர்தரின் வருமானம் அதிபரின் சம்பளத்தோடு போட்டியிட்டது. அவர் லஞ்சம் வாங்கியதாக யாரும் நிரூபிக்கவில்லை. முறையே அப்படி இருக்கும்போது தனியாக லஞ்சம் எதற்கு? சுங்க அலுவலகத்தை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பின், 1878இல் அதிபர் ஹேய்ஸ் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்.

குடியரசுக் கட்சியின் 1880 சிகாகோ மாநாட்டில் 36ஆவது சுற்று வாக்கெடுப்பில் கார்ஃபீல்டு அதிபர் வேட்பாளரானார். தோற்ற காங்க்லிங் கோஷ்டியைச் சமாதானப்படுத்தவே ஆர்தருக்குத் துணை அதிபர் இடம் தரப்பட்டது. அதுவரை அவர் எந்தத் தேர்தல் பதவியும் வகித்ததில்லை.

1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் கார்ஃபீல்டைச் சுட்டான். பாரிஸில் தூதரகப் பதவி கேட்டு அலைந்து ஏமாந்தவன் அவன். பிடிபட்டதும், தான் காங்க்லிங் கோஷ்டியைச் சேர்ந்தவன் என்றும் இனி ஆர்தரே அதிபர் என்றும் அறிவித்தான். சதியில் பங்குண்டோ என்ற சந்தேகம் ஆர்தர் மீதே திரும்பியது. கார்ஃபீல்டு 79 நாள் உயிருக்குப் போராடினார். அரசு வேலை முடங்கியபோதும் பொறுப்பேற்க ஆர்தர் மறுத்துவிட்டார். பதவிக்குப் பறக்கிறார் என்ற பேச்சுக்கு இடம் தரக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

கார்ஃபீல்டு இறந்தபின், செப்டம்பர் 20 அதிகாலை இரண்டு மணிக்கு மேல், நியூயார்க் லெக்சிங்டன் அவென்யூ 123ஆம் எண் வீட்டில் பதவிப் பிரமாணம் எடுத்தார். (அதே கட்டடத்தில் இப்போது மசாலாக் கடை நடக்கிறது.) அப்போது செனட்டுக்கு இடைக்காலத் தலைவரோ, கீழவைக்குச் சபாநாயகரோ இல்லை. ஆர்தருக்கும் ஏதாவது நேர்ந்தால் அடுத்து யார் என்பதற்குச் சட்டத்தில் விடை கிடையாது. எனவே செனட்டைக் கூட்டும் ஆணையை எழுதி, “அதிபர்” என்று முகவரியிட்டு வெள்ளை மாளிகைக்குத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் நியூயார்க்கை விட்டுக் கிளம்பினார். பதவி வாரிசு வரிசையைத் திருத்தும் சட்டம் 1886இல் வந்தது.

பழைய நண்பர்கள் அறுவடைக்குக் காத்திருந்தார்கள். கார்ஃபீல்டு நியமித்த சுங்க கலெக்டரை மாற்றும்படி காங்க்லிங் கேட்டார்; ஆர்தர் மறுத்தார். பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியையே அவருக்குக் கொடுக்க முன்வந்தார். செனட் ஒப்புதல் தந்தும் காங்க்லிங் ஏற்கவில்லை.

1883 ஜனவரி 16 அன்று ஆர்தர் கையெழுத்திட்ட பென்டில்டன் சட்டம், அரசு வேலைக்குப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்தது. ஊழியர்களிடம் கட்சி நிதி பிடுங்குவதைக் குற்றமாக்கியது. சட்ட வரைவைத் தயாரித்த டோர்மன் ஈட்டன் பிரிட்டிஷ் தேர்வு முறையை ஆராய்ந்து நூல் எழுதியவர். அந்த முறைக்கு வித்திட்ட 1854 அறிக்கையை எழுதிய இருவரில் ஒருவரான சார்லஸ் டிரெவெலியன் பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராக இருந்தார். தொடக்கத்தில் மத்திய அரசு வேலைகளில் சுமார் பத்தில் ஒரு பங்கே சட்டத்துக்குள் வந்தது. எல்லையை விரிவாக்கும் அதிகாரம் அதிபருக்கு இருந்ததால், பின்வந்தவர்கள் பதவி இறங்கும் முன் தம் ஆட்களின் வேலையைக் காப்பாற்ற அதை விரித்துக்கொண்டே போனார்கள். சீர்திருத்தம் வளர்ந்ததில் சுயநலத்துக்குப் பெரும் பங்குண்டு. இத்தனைக்கும், 1882 தேர்தலில் அடிவாங்கிய பயத்தில்தான் ஆர்தரின் கட்சியினர் சட்டத்துக்கு வாக்களித்தார்கள். ஆகவே முழுப் பெருமையும் ஆர்தருக்கு உரியதல்ல. ஆனால் சட்டப்படி அமைந்த தேர்வாணையத்தை அவர் முடக்கவில்லை, ஈட்டனையே தலைவராக்கினார்.

சீனத் தொழிலாளர் வருகையை 20 ஆண்டு தடுக்கும் மசோதாவை, சீனாவுடனான ஒப்பந்தத்துக்கு முரண் என்று 1882இல் திருப்பி அனுப்பினார். அடுத்த மாதமே பத்தாண்டாகக் குறைத்துக் கொண்டுவந்தபோது கையெழுத்திட்டார். பிறகு நீட்டிக்கப்பட்டு 1943 வரை நீடித்த இந்த விலக்கு, அவர் ஆட்சியின் மிகப் பெரிய கறை. கடற்படைக்கு எஃகுக் கப்பல்கள் கட்டத் தொடங்கியதும் அவர் காலத்தில்தான்.

பதவியில் இருந்தபோதே சிறுநீரக நோய் தாக்கியிருந்தது; அதை மறைத்தே வைத்திருந்தார். 1884இல் மறு வாய்ப்புக்காக மும்முரமாக முயலவில்லை. கட்சி ஜேம்ஸ் பிளெயினைத் தேர்ந்தெடுத்தது. 1886 நவம்பர் 18 அன்று, 57ஆம் வயதில் இறந்தார்.

சாவதற்குச் சற்றுமுன் தம் ஆவணங்களில் பெரும்பகுதியை எரிக்கச் செய்துவிட்டார். தப்பியவற்றில், ஜூலியா சாண்ட் என்ற நோயாளிப் பெண் எழுதிய 23 கடிதங்கள் உண்டு. முன்பின் அறியாத அவர், கார்ஃபீல்டு சாகக்கிடந்த நாட்களிலேயே, இனியாவது நேர்மையாக நடந்துகொள்ளும்படி ஆர்தருக்குப் புத்தி சொல்லத் தொடங்கியவர். 1882 ஆகஸ்டில் அதிபரே அவர் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஆர்தரின் பேரனிடமிருந்து இந்தக் கடிதங்கள் 1958இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு வந்துசேர்ந்தன.