பல்லைப் பார்த்து மாடு, மீட்டரைப் பார்த்து வண்டி

போன மாசம் பக்கத்து ஊர்ல ஒரு பிக்கப் வண்டி விலைக்கு வந்துச்சுங்க. 2019 மாடல். "மீட்டரைப் பாருங்க, 38,000 கிலோமீட்டர்தான். கன்னி கழியாத வண்டி"ன்னு புரோக்கர் சொன்னார். கேட்ட விலை 5 லட்சத்து 40 ஆயிரம். "ஓட்டம் கம்மி, அதான் விலை கூட" அப்படின்னார்.

அவர் பேசப் பேச எனக்கு எங்க அப்பாரு ஞாபகம் வந்துச்சு. அப்பாருன்னா எங்க பக்கம் அப்பாவோட அப்பா. அவர் வாழ்நாள்ல வண்டி எதையும் விலைக்கு வாங்கினதில்ல, மாடுதான் வாங்கினார். ஆனா அன்னிக்கு அவர் சந்தையில கேட்ட பேச்சும் இன்னிக்கு நான் கேட்ட பேச்சும் ஒண்ணுதான்.

வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்துல சித்திரை மாசம் மாரியம்மன் கோயில் தேரோட மாட்டுச்சந்தை கூடும். காங்கேயம் மாட்டுக்குப் பேர்போன சந்தை. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை. அங்க குதிரையும் வரும். இந்தச் சந்தைகள்ல மாடு வாங்கறவன் முதல்ல செய்யறது வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறது. மாட்டுக்கு மேல்தாடை முன்பக்கம் பல்லே கிடையாது, கீழே எட்டுதான். கன்னுக்குட்டியா இருக்கறப்ப பால்பல். ரெண்டு வயசு தாண்டினா நடுவுல ரெண்டு பெரிய பல்லு விழும். அப்புறம் நாலு, ஆறு. நாலு, நாலரை வயசுல எட்டும் சேர்ந்துடும். அதைத்தான் "கடை சேர்ந்த மாடு"ம்பாங்க. அதுக்கு மேல வயசைப் பல்லோட தேய்மானத்தை வச்சுத்தான் சொல்லணும். இந்தக் காலத்து மீட்டர் செய்யற வேலையை அன்னிக்குப் பல்லு செஞ்சுது.

அதுலயும் ஏமாத்து உண்டு. மாட்டுக்கு வயசானா கொம்போட அடியில வளையம் வளையமா விழும். அதை அரம் போட்டுத் தேய்ச்சு, எண்ணெய் தடவிப் பளபளன்னு நிறுத்துவாங்க. இன்னிக்கு மீட்டரைத் திருப்பி வைக்கிறதும் அதே கொம்பு சீவற வேலைதான்.

அதனால அப்பாரு பல்லோட நிறுத்த மாட்டார். நடக்க விட்டுப் பார்ப்பார். குளம்பு, சுழி, கழுத்துல நுகத்தடி பட்ட காய்ப்பு எல்லாம் பார்ப்பார். பல்லு சின்ன வயசைச் சொல்லி, கழுத்துக் காய்ப்பு நிறைய வேலையைச் சொன்னா அந்த மாட்டை விட்டுடுவார். பேரமும் வாயால கிடையாது. தரகர் கையும் இவர் கையும் துண்டுக்கு அடியில இருக்கும். விரலைப் பிடிச்சுத்தான் விலை சொல்றது. பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது.

மாடு போய் வண்டி வந்த கதையையும் சொல்லிடறேன். முதல்ல இரும்புப் பட்டா போட்ட மரச்சக்கர மொட்டை வண்டி. அப்புறம் ரப்பர் டயர் போட்ட டயர் வண்டி. பாரம் கூட ஏத்தலாம், மாட்டுக்கும் இழுக்க லேசு. லாரிங்கிறது மண்டிக்காரங்க சமாச்சாரம், சம்சாரிக்கு எட்டாது.

நடுவுல வந்ததுதான் டெம்போ. அது ஒரு ஜெர்மன் கம்பெனியோட பேரு. 1958ல பஜாஜ் டெம்போன்னு இந்தியாவுல ஆரம்பிச்சு மூணு சக்கர வண்டி விட்டாங்க. 1969ல மெட்டடார் வேன் வந்துச்சு. இன்னிக்கும் நம்ம ஊர்ல எந்தக் கம்பெனி சின்ன லாரியையும் "டெம்போ"ன்னுதானே சொல்றோம், அந்தப் பேரு அங்கிருந்து வந்ததுதான்.

80கள்ல ஜப்பான் கூட்டுல நாலு கம்பெனிங்க சின்ன லாரியோட இறங்கினாங்க. டிசிஎம் டொயோட்டா, ஐஷர் மிட்சுபிஷி, ஸ்வராஜ் மஸ்டா, ஆல்வின் நிசான். போட்டிக்கு டாடா 1986ல 407ஐ விட்டாங்க. அப்பவும் எங்க ஊர்ல அது காசுள்ளவங்க வண்டி. காய் ஏத்தறவங்க வாடகைக்குத்தான் பிடிப்போம்.

1999 நவம்பர்ல மதுரையில முதல் உழவர் சந்தை திறந்தாங்க. சம்சாரி தன் காயைத் தானே கொண்டுபோய் விக்கலாம்னு ஆச்சு. ஆனா கொண்டுபோக என்ன இருக்கு? பஸ் கூரையும் மொபெட்டும்தான். அந்த இடைவெளியிலதான் 2005 மே மாசம் டாடா ஏஸ் வந்துச்சு. ரெண்டே சிலிண்டர், சுமார் 700 சிசி, 16 குதிரைத்திறன், முக்கால் டன் பாரம். நம்ம ஜனங்க "குட்டி யானை"ன்னு பேரு வச்சாங்க. 2011ல அசோக் லேலண்டும் நிசானும் சேர்ந்து ஓசூர்ல இருந்து தோஸ்த் விட்டாங்க. மஹிந்திரா பிக்கப்புங்களும் பெருகுச்சு. பத்து வருஷத்துல எங்க ஊர் களத்துமேட்டுல மாட்டு வண்டி நின்ன இடத்துல எல்லாம் பிக்கப் நின்னுச்சு.

வண்டி பெருகினா பழைய வண்டி வியாபாரமும் பெருகும். தரகரும் அவரோட பேச்சும் திரும்ப வந்தாச்சு. பல்லுக்குப் பதில் மீட்டர், அவ்வளவுதான்.

சரி, அந்த வண்டிக்கு வர்றேன். அப்பாரு மாதிரியே மீட்டரை விட்டுட்டு மத்ததைப் பார்த்தேன். பிரேக், கிளட்ச் மிதியோட ரப்பர் தேயாம வரி வரியா இருந்துச்சு. ஸ்டியரிங்கும் வழுவழுன்னு ஆகல. டயரோட பக்கவாட்டுல கடைசி நாலு எண்ணு இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். எல்லா டயரும் 2019ல செஞ்சது, வண்டியோட வந்ததுதான். சர்வீஸ் பில்லுகள்லயும் கிலோமீட்டர் வரிசையா ஏறிட்டு வந்துச்சு. மீட்டர் பொய் சொல்லல.

ஆனா கம்மியா ஓடின வண்டின்னா புது வண்டின்னு அர்த்தமில்லைங்க. டயர், பெல்ட், ஹோஸ், பேட்டரி இதெல்லாம் ஓடினாலும் நின்னாலும் வயசாகும். டயர்ல பட்டன் நிறைய இருந்துச்சு, பக்கவாட்டுல முடி மாதிரி வெடிப்பு. ஸ்டெப்னியோட அஞ்சு டயர், பேட்டரி, பெல்ட், ஆயில் எல்லாம் கணக்குப் போட்டா 55,000 ரூபாய். ஆர்சி புக்குல இன்னும் பைனான்ஸ் பேரு இருந்துச்சு. கடன் தீர்ந்த கடுதாசி வாங்கி அந்தப் பேரை நீக்கணும். எஃப்சி, இன்சூரன்ஸ் தேதியும் பார்த்துக்கணும். எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்சி, அப்புறம் வருஷா வருஷம். லைசென்ஸ் தொந்தரவு இல்ல. 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற சரக்கு வண்டிக்கு சாதாரண இலகுரக லைசென்ஸ் போதும்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

இதையெல்லாம் சொல்லி விலை 4 லட்சத்து 80 ஆயிரத்துக்கு இறங்குச்சு. டயர் செலவோட சேர்த்து 5 லட்சத்து 35 ஆயிரம். சாயங்காலம் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

வருஷத்துக்கு 70 நடை மார்க்கெட் போறேன். வாடகை நடைக்கு 1,500. ஆக 1,05,000. சொந்த வண்டின்னா போகவர 60 கிலோமீட்டர், வருஷத்துக்கு 4,200. லிட்டருக்கு 12 கிலோமீட்டர்னா 350 லிட்டர், 93 ரூபாய் வச்சு சுமார் 33,000. இன்சூரன்ஸ், எஃப்சி, வரி, சர்வீஸ் 45,000. மிச்சம் வருஷத்துக்கு 27,000 ரூபாய். போட்ட முதல் திரும்ப கிட்டத்தட்ட 20 வருஷம் ஆகும். அதுவரைக்கும் வண்டி இருக்குமோ, நான் இருப்பேனோ.

அப்பத்தான் எனக்குப் பொட்டுன்னு உறைச்சது. ஆறு வருஷத்துல 38,000னா நாளுக்கு 17 கிலோமீட்டர். வாடகைக்கு ஓடற வண்டி நாளுக்கு 100 கிலோமீட்டர்னு வருஷத்துக்கு 30,000 ஓடிடும். இந்த வண்டி ஏன் ஓடல? வித்தவரும் என்னை மாதிரி ஒரு சம்சாரிதான். அவரும் என் கணக்கைப் போடாம வாங்கியிருக்கார். தவணை கட்டினார், வண்டியைச் சாளையில நிறுத்தினார். தரகர் பெருமையாக் காட்டின அந்தக் கம்மி ஓட்டம், அந்த மனுசனுக்கு ஆறு வருஷ நஷ்டக் கணக்கு. நான் வாங்கினா நாளுக்கு 12 கிலோமீட்டர்கூட ஓட்ட மாட்டேன். அடுத்தவனுக்கு இன்னும் "ஓட்டம் கம்மி"யான வண்டியா விப்பேன்.

வேண்டாம்னு முடிவு பண்ணினேன். ஆனா மனசு கேக்கல. போன வருஷம் வாடகை வண்டி லேட்டா வந்து தக்காளி கடைசி ஏலத்துக்குப் போன நாளுங்க நிறைய. அந்த நஷ்டம் இந்தக் கணக்குல இல்லையே.

அம்மாகிட்ட சொன்னேன். "ஒத்தை மாடு வச்சிருந்தவன் எப்படிப்பா உழுதான்? பக்கத்துக் காட்டுக்காரன் மாட்டோட சேர்த்துத்தானே ஏர் பூட்டினான்"னு கேட்டுச்சு. நிஜம்தான். ஒரு நாள் உன் காடு, ஒரு நாள் என் காடு. அப்பாரு ரெண்டு வருஷம் அப்படி உழுதிருக்கார்.

பக்கத்துத் தோட்டத்துப் பங்காளிக்கு வருஷத்துக்கு 80 நடை முருங்கையும் தேங்காயும் போகுது. ரெண்டு பேரும் சேர்ந்தா 150 நடை, 9,000 கிலோமீட்டர். வாடகை மிச்சம் 2,25,000. டீசல் 70,000, மத்த செலவு கூட வச்சு 55,000. கையில நிக்கறது வருஷத்துக்கு ஒரு லட்சம். அஞ்சு வருஷம் சொச்சத்துல முதல் திரும்பிடும். ஸ்டாம்ப் பேப்பர்ல யாருக்கு எந்தக் கிழமை, ரிப்பேர் யாரு செலவுன்னு எழுதிக்கிட்டோம். பைனான்ஸ் பேரு நீங்கினதும் மீதிப் பணம்னு சொல்லி அட்வான்ஸ் கொடுத்தாச்சு.

வாங்கறவங்களுக்கு நான் சொல்றது இதுதாங்க. மீட்டர் உண்மையான்னு பாருங்க, கட்டாயம் பாருங்க. அதோட நிறுத்தாம, இது ஏன் இவ்வளவு கம்மியா ஓடுச்சுன்னு வித்தவர்கிட்ட கேளுங்க. அப்புறம் நாம எவ்வளவு ஓட்டப்போறோம்னு நம்மகிட்டயே கேட்டுக்கணும்.

திங்கள், வியாழன் எனக்கு. செவ்வாய், சனி பங்காளிக்கு. புதன்கிழமைக்கு இன்னும் சண்டை ஓடிக்கிட்டிருக்கு.